பத்து நாளில் எவ்வளவு வேலை?

2025 ஜனவரி 27 ஒரு திங்கட்கிழமை. பினாங்கில் மென்பொருள் எழுதும் குழு ஒன்று அன்று காலை கூடி அடுத்த இரண்டு வாரத்துக்கு வேலைத்திட்டம் போட்டிருந்தால், முதலில் நாட்காட்டியைத்தான் திறந்திருக்க வேண்டும். புதனும் வியாழனும் சீனப் புத்தாண்டு. குழுவின் சீன நண்பர்கள் முன்னும் பின்னும் விடுப்பு சேர்த்துக்கொண்டு ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ பெற்றோரைப் பார்க்கப் போயிருப்பார்கள். அதற்கடுத்த இரண்டு வாரத்தில் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, தைப்பூசம். பினாங்கில் அது ஒரு நாளோடு முடிகிற விழா இல்லை. முதல் நாளே ரதம் லிட்டில் இந்தியாவிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும். தைப்பூசத்துக்கு மறுநாள்தான் திரும்பும். மார்ச் மாதம் முழுக்க நோன்பு, முடிவில் ஹாரி ராயா. ஜூலை 7 ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகர தினம். 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த அந்த நாள் பினாங்கு மாநிலத்துக்கு மட்டுமே விடுமுறை. கோலாலம்பூரில் இருந்துகொண்டு திட்டம் போடுபவருக்கு அது கண்ணில் படாமலே போகலாம்.

மென்பொருள் உலகம் இன்று பெரும்பாலும் இப்படி ஒன்று, இரண்டு வாரத் துண்டுகளாகத்தான் வேலை செய்கிறது. அந்தத் துண்டுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் பேக்லாக் எனப்படும் ஒரே நீண்ட பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு ஸ்பிரிண்டின் தொடக்கத்திலும் குழு கூடி, அந்தப் பட்டியலிலிருந்து இந்தத் தடவை எதை எடுப்பது என்று முடிவு செய்யும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு அலுவலகக் கூட்டம். உள்ளே மனித மனத்தின் பலவீனங்கள், வரிசைகளின் கணிதம், தீர்க்கக் கடினமான ஒரு கணினிப் புதிர் என மூன்று அறிவியல்கள் ஒரே மேசையில் சந்திக்கின்றன. அந்த மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றைத்தான்: திட்டமிடுவதில் உள்ள உண்மையான திறமை, எதை இப்போது எடுக்காமல் விடுவது என்று துணிவதில் இருக்கிறது.

பாயான் லெப்பாசிலிருந்து ஒரு பாதை

பினாங்கு இந்தக் கேள்விக்குப் புதிய ஊர் இல்லை. முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூவின் முயற்சியால் 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் உருவானது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அமைக்க அதே ஆண்டில் இங்கே வந்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, பாஷ், நேஷனல் செமிகண்டக்டர், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து அந்த முதல் எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று பினாங்குக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வயலாக இருந்த இடத்தில் எழுந்த அந்த ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் சிப்புகளை இணைத்தார்கள். எந்த இயந்திரத்துக்கு முன்னால் வேலை தேங்குகிறது, எந்தத் தொகுதியை முதலில் அனுப்புவது, ஒரு தொகுதி உள்ளே வந்து வெளியே போக எத்தனை நாள் ஆகிறது என்பவை அங்கே அன்றாடக் கேள்விகள்.

ஸ்பிரிண்ட் முறையின் வேரும் இதே பொருள் உற்பத்தி உலகத்தில்தான் இருக்கிறது. 1986-இல் ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹிரோடாகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா இருவரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனன், ஃபியூஜி ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் புதுப் பொருள்களை எப்படி இவ்வளவு வேகமாகக் கொண்டுவருகின்றன என்பதே அவர்கள் ஆராய்ந்தது. பினாங்குக்கு வந்த எட்டில் ஒன்றான ஹியூலெட் பேக்கர்டும் அந்த ஆய்வில் இருந்தது. ஒரு துறை முடித்து அடுத்த துறைக்குக் கைமாற்றும் பழக்கத்தை விட்டு, எல்லாத் துறையினரும் ஒரே சிறு குழுவாகச் சேர்ந்து முன்னேறுவதே அந்த வேகத்துக்குக் காரணம் என்று கண்டார்கள். ரக்பி ஆட்டத்திலிருந்து ஸ்க்ரம் என்ற சொல்லை இதற்கு எடுத்தாண்டவர்களும் அவர்களே. 1993-இல் ஜெஃப் சதர்லாண்ட் தன் மென்பொருள் குழுவில் இதை முயன்றார். 1995-இல் அவரும் கென் ஷ்வேபரும் ஸ்க்ரம் முறையை ஒரு மாநாட்டில் முன்வைத்தனர். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை வெளியிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் திட்டம் போட்டு அதைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, குறுகிய சுற்றுகளில் செய்துகாட்டி மாற்றிக்கொள்வது மேல் என்பது அதன் சாரம்.

ஸ்க்ரம் முறையில் அதிகாரம் இரண்டாகப் பிரிகிறது. புராடக்ட் ஓனர் எனப்படுபவர் பேக்லாக்கை வரிசைப்படுத்துவார். எது முக்கியம் என்று சொல்வது அவர் உரிமை. இந்த ஸ்பிரிண்டில் எவ்வளவு முடியும் என்று சொல்வது வேலையைச் செய்யப்போகிறவர்களின் உரிமை. வரிசை அவருடையது, அளவு இவர்களுடையது. இந்தப் பிரிவினை உடைந்த இடத்தில், அதாவது மேலிடம் வரிசையையும் சொல்லி அளவையும் சொல்லும் இடத்தில், பெயருக்கு ஸ்பிரிண்ட் இருக்கும், திட்டமிடல் இருக்காது.

கையில் உள்ள நாள்கள்

அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜார்ஜ் டவுனில் ஏழு பேர் கொண்ட ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்வோம். ஆலைகளின் சோதனை இயந்திரங்கள் தரும் தகவல்களைச் சேகரித்துக் காட்டும் மென்பொருளை அவர்கள் எழுதுகிறார்கள். இரண்டு வாரத்தில் பத்து வேலை நாள். ஏழு பேருக்கு 70 ஆள்-நாள். விடுமுறை இல்லாத சாதாரண ஸ்பிரிண்டிலும் இது முழுதாகக் கிடைக்காது. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க முறைவைத்து ஒருவர் ஒதுங்கிவிடுவார், 60 மிஞ்சும். கூட்டங்கள், சக ஊழியரின் நிரலைச் சரிபார்த்தல், தொலைபேசி என்று ஐந்தில் ஒரு பங்கு போனால் 48.

இனி ஜனவரி 27 அன்று தொடங்கும் ஸ்பிரிண்டுக்கு வருவோம். இரண்டு நாள் பொது விடுமுறை. ஏழு பேருக்கும் எட்டு நாளே மிச்சம்: 56. சீன நண்பர்கள் மூவர் தலைக்கு மூன்று நாள் கூடுதல் விடுப்பு எடுத்தால் 47. புகார் கவனிப்பவரின் எட்டு நாளைக் கழித்தால் 39. ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் ஏறத்தாழ 31. சுவரில் எழுதிய எழுபது, பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தைப்பூச ஸ்பிரிண்டில் ஒரு நாள் பொது விடுமுறை போக 63. ரதத்தோடு நடக்கவும் காவடி எடுக்கும் உறவினருக்குத் துணை நிற்கவும் தமிழ் நண்பர்கள் இருவர் மேலும் இரண்டிரண்டு நாள் எடுத்தால் 59. அதே கழிவுகளைச் செய்தால் 40.

இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தலைத் தாண்டி எதுவும் இல்லை. ஆனாலும் பல குழுக்கள் இதைப் போடாமலே 'வழக்கம்போல' என்று வேலையை ஏற்றிக்கொள்கின்றன. பல பெருநாள்களைக் கூடிக் கொண்டாடும் ஊரில், சக ஊழியரின் பண்டிகையைத் திட்டத்தில் எழுதி வைப்பது கணக்கின் நேர்மை மட்டும் இல்லை, ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் மரியாதையும்கூட. எழுதாமல் விட்ட விடுமுறை கடைசி இரண்டு இரவுகளில் யாரோ ஒருவர் தலையில்தான் விழும்.

மனம் ஏன் குறைத்தே மதிப்பிடுகிறது?

கையில் எத்தனை நாள் என்று தெரிந்துவிட்டது. ஒரு வேலைக்கு எத்தனை நாள் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் மனித மனம் நம்மை ஏமாற்றுகிறது.

1979-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் அதை அளந்து காட்டினார்கள். ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். எல்லாம் நினைத்தபடி நடந்தால்? 27 நாள். எல்லாமே தவறாகப் போனால்? 49 நாள். உண்மையில் முடிக்க ஆனது சராசரியாக 55 நாளுக்குச் சற்று மேல். அவர்கள் கற்பனை செய்த மோசமான நிலையைவிடவும் நிஜம் மோசமாக இருந்தது. தாங்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துப் பேருக்கு மூவர்தான்.

இது சோம்பலால் வருவது இல்லை. ஒரு வேலையைப் பற்றி யோசிக்கும்போது மனம் அந்த வேலையின் உள்ளேயே இருந்து படிப்படியாகக் கதை கட்டுகிறது: முதலில் இது, பிறகு அது, முடிந்தது. அந்தக் கதையில் சர்வர் விழாது, யாருக்கும் காய்ச்சல் வராது, வாடிக்கையாளர் மனம் மாற மாட்டார். இதற்கு மருந்து வெளியிலிருந்து பார்ப்பது. இதைப் போன்ற வேலைகள் முன்பு எத்தனை நாள் எடுத்தன என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, கதையை ஒதுக்கிவைப்பது.

ஸ்பிரிண்ட் குழுக்கள் இதைச் செய்ய ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்தன. வேலைக்கு நாள் கணக்கே சொல்வதில்லை. ஸ்டோரி பாயிண்ட் என்ற ஒப்பீட்டு அளவு மட்டும் தருவார்கள். சென்ற மாதம் செய்த அந்தத் தேடல் வசதி 5 என்றால் இது அதைவிடப் பெரிதா, சிறிதா? நாளைக் கணிப்பதில் தடுமாறும் மனிதர்கள், இரண்டு வேலைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அவ்வளவு தடுமாறுவதில்லை. அளவுகளும் 1, 2, 3, 5, 8, 13 என்று இடைவெளி விரியும் வரிசையில் இருக்கும். ஃபிபோனாச்சி வரிசை என்று உலகம் அழைக்கும் இதை, ஃபிபோனாச்சிக்கு முன்பே 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் ஹேமச்சந்திரர் யாப்பிலக்கணம் ஆராயும்போது எழுதிவைத்தார். இடைவெளி விரிவதற்கு உளவியல் காரணம் உண்டு. பொருள் பெரிதாகப் பெரிதாக, வித்தியாசமும் பெரிதாக இருந்தால்தான் நமக்குப் புலப்படும் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய ஆய்வாளர் எர்ன்ஸ்ட் வெபர் கண்டார். 1-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பிட முடியும்; 12-ஆ 13-ஆ என்று சண்டை போடுவது வீண்.

ஒரு ஸ்பிரிண்டில் முழுதாக முடிந்த வேலைகளின் பாயிண்டுகளைக் கூட்டினால் வருவது வெலாசிட்டி. தொண்ணூறு சதவீதம் முடிந்த வேலைக்குக் கிடைப்பது பூஜ்யம். இந்தக் கண்டிப்புதான் எண்ணை நம்பத்தக்கதாக்குகிறது. நம் கற்பனைக் குழு கடந்த ஐந்து ஸ்பிரிண்டுகளில் 21, 18, 26, 14, 23 என்று முடித்திருந்தால் சராசரி ஏறத்தாழ 20. சாதாரண ஸ்பிரிண்டின் 48 ஆள்-நாளுக்கு 20 பாயிண்ட் என்றால், சீனப் புத்தாண்டின் 31 ஆள்-நாளுக்கு 13. தைப்பூச ஸ்பிரிண்டுக்கு 17. யாருடைய ஆசையும் கலக்காத எண்கள் இவை.

யார் முதலில் பேசுவது?

மதிப்பிடும் கூட்டத்தில் இன்னொரு பொறி உண்டு. 1974-இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் ஒரு சுழல் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அது எப்போதும் 10 அல்லது 65-இல் நிற்கும்படி ரகசியமாக அமைத்திருந்தார்கள். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 பார்த்தவர்களின் நடுத்தரப் பதில் 25. 65 பார்த்தவர்களின் நடுத்தரப் பதில் 45. சம்பந்தமே இல்லாத ஒரு எண், கண்ணில் பட்ட மாத்திரத்தில் மனத்தை நங்கூரமிட்டுவிட்டது. சம்பந்தமில்லாத சக்கரத்துக்கே இவ்வளவு சக்தி என்றால், குழுத்தலைவர் முதலில் சொல்லும் எண்ணுக்கு எவ்வளவு இருக்கும்!

நம் ஊர்களில் இதன் பிடி இன்னும் இறுக்கம். பெரியவர் சொன்னபின் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று தமிழர் வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். 'இது ரெண்டு நாள் வேலைதானே' என்று மூத்தவர் சொல்லிவிட்டால், அந்த நிரலைச் சென்ற வாரம்தான் திறந்து பார்த்து மிரண்டுபோன இளையவர் வாய் திறக்க மாட்டார். குழுவுக்கு மிகவும் தேவையான தகவல் அவரோடேயே நின்றுவிடும்.

2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் வகுத்த பிளானிங் போக்கர் இதைத்தான் தீர்க்கிறது. ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு எண். வேலையைப் பற்றிப் பேசியபின் எல்லோரும் தங்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஐந்து பேர் 3 காட்டி, ஒருவர் 13 காட்டினால் சராசரி எடுப்பதில்லை. 13 காட்டியவரையும் 3 காட்டியவர்களில் ஒருவரையும் காரணம் சொல்லச் சொல்வார்கள். அந்த 13-க்குப் பின்னால் பெரும்பாலும் மற்றவர் அறியாத ஒரு செய்தி இருக்கும்: அந்த இயந்திரத்தின் பழைய பதிப்பு வேறு வடிவத்தில் தகவல் அனுப்புகிறது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். ஒரே நேரத்தில் திருப்புவதால் இளையவர் பெரியவரை மறுத்ததாகவும் ஆகாது. எண்ணைவிட அந்த உரையாடலே இந்த ஆட்டத்தின் பலன். மரியாதையைக் கெடுக்காமல் உண்மையைப் பேச வைக்கும் இந்த ஏற்பாட்டை நம் சமூகங்களுக்காகவே செய்ததாக நினைக்கத் தோன்றுகிறது.

எதை எடுப்பது?

இப்போது குழுவிடம் 13 பாயிண்ட் இருக்கிறது. பேக்லாக்கின் மேல்பகுதியில் நான்கு வேலைகள். புது வகைச் சோதனை இயந்திரத்தை இணைப்பது: அளவு 13, பயன் 30. பழைய பதிவுகளைத் தேடும் வசதி: அளவு 8, பயன் 24. கோளாறு வந்தால் மின்னஞ்சல் எச்சரிக்கை: அளவு 5, பயன் 11. அறிக்கையின் தோற்றத்தைத் திருத்துவது: அளவு 5, பயன் 10. பயன் என்பது புராடக்ட் ஓனர் வாடிக்கையாளரோடு பேசித் தரும் ஒப்பீட்டு மதிப்பு.

அதிகப் பயன் தருவதை முதலில் எடு என்றால் புது இயந்திரம் உள்ளே வரும். இடம் நிறைந்துவிடும், பயன் 30. பயனை அளவால் வகுத்து வரிசைப்படுத்தினால் தேடல் வசதி முதலிடம் பெறும், இயந்திரம் இரண்டாமிடம். ஆனால் தேடல் போக மிச்சமிருக்கும் 5-இல் இயந்திரம் அடங்காது, எச்சரிக்கை அடங்கும். மொத்தப் பயன் 35. அதே நாள்களில் ஐந்து அதிகம். ஆபத்தும் குறைவு. ஒரே பெரிய வேலை கடைசி நாளில் முடியாமல் நின்றால் பூஜ்யம். இரண்டில் ஒன்று நின்றாலும் மற்றொன்று கையில் இருக்கும்.

நான்கு வேலைக்கு இதை மனக்கணக்காகவே போடலாம். முப்பது வேலை இருந்தால், எடுப்பதும் விடுவதுமாக 107 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. கணினி அறிவியலில் இது மூட்டைப் புதிர் எனப்படும்: குறிப்பிட்ட எடை தாங்கும் மூட்டையில் மதிப்பு மிகும்படி பொருள்களை அடுக்குவது. எல்லா நிலைகளிலும் விரைவாக விடை தரும் வழி யாருக்கும் தெரியாத கடினமான புதிர்களில் இதுவும் ஒன்று என்று ரிச்சர்ட் கார்ப் காட்டினார். அது 1972, பாயான் லெப்பாசில் முதல் ஆலைகள் எழுந்த அதே ஆண்டு. சில டஜன் வேலைகளுக்குக் கணினி நொடியில் விடை தந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நிஜப் பட்டியலில் எண்களே ஊகம். ஒன்றை முடிக்காமல் மற்றொன்றைத் தொட முடியாத தொடர்புகளும் குறுக்கே நிற்கும். ஆகவே அனுபவமுள்ள குழுக்கள் துல்லியமான விடையைத் துரத்துவதில்லை. இந்த ஸ்பிரிண்ட் எதற்காக என்ற நோக்கத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்கின்றன: 'ஆலைப் பொறியாளர் பழைய கோளாறை ஒரு நிமிடத்துக்குள் தேடி எடுக்க வேண்டும்.' தேடல் வசதி அந்த நோக்கத்தின் உயிர். மின்னஞ்சல் எச்சரிக்கை, நெருக்கடி வந்தால் விட்டுக்கொடுக்கக்கூடியது. எது உயிர், எதை விடலாம் என்பது முதல் நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், பத்தாம் நாள் பதற்றம் குறைகிறது.

பாயான் லெப்பாசின் நிஜம் இதில் இன்னொரு சிக்கலையும் சேர்க்கிறது. சோதனை மென்பொருளை இரண்டு வாரத்தில் எழுதித் திருத்தலாம். சிலிக்கான் சிப் ஆலைக்குப் போய் வர மாதக்கணக்கில் ஆகும். அச்சான சிப்பை அடுத்த ஸ்பிரிண்டில் திருத்திவிடுவோம் என்று சொல்ல முடியாது. எனவே வன்பொருளோடு சேர்ந்து உழைக்கும் குழுக்கள் நீண்ட கால வரைபடம் ஒன்றையும் குறுகிய ஸ்பிரிண்டையும் ஒருசேர வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சிப் வந்துசேரும் நாளுக்கு முன் அதைச் சோதிக்கும் நிரல் தயாராக இருக்க வேண்டும் என்பதே அங்கே பேக்லாக்கின் வரிசையைத் தீர்மானிக்கும்.

நிரப்பாமல் விடுவது ஏன்?

பதிமூன்று பாயிண்ட் முடியும் என்றால் பதிமூன்றையும் நிரப்ப வேண்டுமா? வேண்டாம் என்பதே விடை; மேலாளர்களுக்கு மிகவும் கசக்கும் விடை அது.

மாலை ஆறு மணிக்குப் பினாங்குப் பாலத்தில் ஏறியவர்களுக்கு அதன் காரணம் தெரியும். 1985-இல் திறந்த, பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில், வேலை முடிந்து அக்கரையிலுள்ள செபராங் பிறைக்குத் திரும்பும் வண்டிகள் ஓரளவு நிறைந்திருக்கும்வரை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் வண்டி சேர்ந்ததும், எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் பழுதாகி நின்றாலே தீவுப் பக்கம் முழுக்கத் தேங்கிவிடும். வரிசைகளின் கணிதம் இதை எண்ணாகவே தருகிறது. வேலை வரும் நேரமும் முடியும் நேரமும் ஒழுங்கின்றி மாறும் எளிய வரிசை ஒன்றில், செய்பவர் பாதி நேரம் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை தன் முறைக்காகக் காத்திருப்பது ஒரு வேலையின் சராசரி நேரம். 80 சதவீதம் என்றால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. 90-க்கு மேல் இன்னும் ஐந்து சதவீதத்தைக் கறந்தெடுக்கப்போய்க் காத்திருப்பு இரட்டிப்புக்கும் மேலாகிறது. வேலைகளின் ஏற்ற இறக்கம் கூடக்கூடக் காத்திருப்பும் கூடும் என்பதை 1961-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜான் கிங்மன் ஒரு சூத்திரமாக்கினார். மென்பொருள் வேலையைவிட ஏற்ற இறக்கம் மிகுந்த வேலையைத் தேடுவது கடினம்.

அதே 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இன்னும் எளியது. கையில் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை தொடங்கி முடிய எத்தனை வாரம் என்று கிடைக்கும். வாரத்துக்கு ஐந்து முடிக்கும் குழு பத்தைக் கையில் வைத்திருந்தால் இரண்டு வாரம். இருபத்தைந்தை வைத்திருந்தால் ஐந்து வாரம். எல்லாவற்றையும் உடனே தொடங்கிவிடு என்ற கட்டளை, எல்லாவற்றையும் தாமதமாக்கு என்ற கட்டளையே. சிப் ஆலைகளின் தளத்தில் தொகுதிகள் எத்தனை நாளில் வெளியேறும் என்று கணக்கிடுவதும் இதே விதியை வைத்துத்தான்.

தாமதமாகிறதே என்று ஆளைக் கூட்டலாமா? ஐபிஎம்மில் பெரும் மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எச்சரித்தார்: தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். ஏழு பேர் குழுவில் ஒருவரோடொருவர் பேசவேண்டிய இணைகள் 21. பத்துப் பேரானால் 45. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரமும் வேலை தெரிந்தவரிடமிருந்தே போகும்.

நேரத்தைத் தாராளமாக விட்டாலும் ஆபத்து உண்டு. கிடைத்த நேரத்தை நிரப்பும்வரை வேலை விரியும் என்பது பார்க்கின்சன் விதி. சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் அதை எழுதியபோது, சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். ஸ்பிரிண்டின் நீளம் மாறாததற்கும், ஒரு மாத ஸ்பிரிண்டுக்குக்கூடத் திட்டமிடும் கூட்டம் எட்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று ஸ்க்ரம் வழிகாட்டி வரம்பு வைத்ததற்கும் அவர் கண்ட உண்மையே நியாயம். எல்லை நிலையாக இருக்கட்டும். அதற்குள் ஏற்றும் சுமை கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஓட்டம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பிரிண்டின் முடிவில் பட்டியல் சிலநேரம் முழுதாக முடியாது. 2011-இல் ஸ்க்ரம் வழிகாட்டியைத் திருத்தியபோது, குழு தேர்ந்தெடுக்கும் வேலைப்பட்டியலை வாக்குறுதியாகக் கொள்ளாமல் முன்கணிப்பாகக் கொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். அது மிகச் சரியான மாற்றம் என்பேன். வாக்குறுதி என்றால் தவறியவரைத் தேடுவோம். முன்கணிப்பு என்றால் எங்கே பிசகியது என்று தேடுவோம், அடுத்த கணிப்பு மேம்படும். பயம் உள்ள இடத்தில் எண்கள் பொய் சொல்லத் தொடங்கும். வெலாசிட்டியை வைத்து ஊழியரின் ஊதிய உயர்வை நிர்ணயித்துப் பாருங்கள், அடுத்த மாதமே 5 பாயிண்ட் வேலைகள் எல்லாம் 8 ஆகிவிடும்.

மென்பொருளோடு சம்பந்தமில்லாதவர்களும் இதைப் பயன்படுத்தலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமோ கோயில் திருப்பணிக் குழுவோ அடுத்த முறை கூடும்போது மேசைமேல் மூன்று எண்களை வைக்கட்டும்: உண்மையில் எத்தனை ஆள்-நாள் இருக்கிறது, சென்ற முறை எவ்வளவு முடித்தோம், இப்போது பாதியில் எத்தனை கிடக்கின்றன. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் மதிப்பை ஒரு தாளில் எழுதி ஒரே நேரத்தில் காட்டட்டும். பட்டியலில் பாதி அடுத்த சுற்றுக்குப் போகும். அப்படித் தள்ளிவைப்பதை யாரும் தோல்வியாக எண்ண வேண்டாம். எடுத்துக்கொண்ட மீதிப் பாதியை முழுதாக முடிக்க வேண்டும் என்ற பொறுப்பால் செய்யும் தேர்வு அது. மனிதருக்கு உள்ள நேரத்தையும், அவர்களின் பண்டிகையையும் தூக்கத்தையும் கணக்கில் வைத்துப் போடும் திட்டமே நிறைவேறும் திட்டம்.